கத்திரி வெயிலில் பெட்ரோல் மெஷினை ஓட வைத்த அனுபவம்

வேலூர்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மே 4-ல் கத்திரி தொடங்கி 28 வரைக்கும் ஒரு பெட்ரோல் பங்க்கை நிறுத்தாமல் ஓட்டுவது என்ன பாடு என்பது அதற்குள் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். நான் மேனேஜராக இருக்கும் பங்க்கில் டீசல் மெஷின்கள் வெயிலுக்கு அசரவே இல்லை. பாடாய்ப் படுத்தியது பழைய சக்‌ஷன் பெட்ரோல் மெஷின்.

இந்த வகையில் மோட்டாரும் பம்பும் மெஷினுக்குள்ளேயே இருக்கும். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது மாதிரி, பூமிக்கடியில் உள்ள டேங்க்கிலிருந்து பெட்ரோலை மேலே இழுக்கும். இழுக்கும்போது பைப்புக்குள் அழுத்தம் குறைகிறது. பெட்ரோலும் சூடாக இருந்தால் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். பம்பு சுற்றும், சரக்கு வராது. மதியம் இரண்டு மணி ஆனால் போதும், மோட்டார் சத்தம் மாறிவிடும், ஹோஸ் கையில் உதறும், பைக்குக்கு இரண்டு லிட்டர் போடுவதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும். “என்னண்ணே, காத்தையா அடிக்கிறீங்க?” என்று கேட்காதவர் இல்லை.

அந்தச் சந்தேகம் நியாயமானது. மீட்டருக்கு முன்னால் ஆவியைப் பிரித்து வெளியே தள்ளும் அமைப்பு மெஷினிலேயே இருக்கிறது என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அரசின் எடையளவுத் துறை முத்திரை போட்ட 5 லிட்டர் அளவையை எடுத்து வந்து கண் முன்னால் பிடித்துக் காட்டினோம். உள்பக்கம் ஒருமுறை நனைத்து வடிய விட்ட பிறகு பிடிக்க வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது விதி. எந்த வாடிக்கையாளரும் இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

சர்வீஸ் இன்ஜினியர் வந்ததும் மெஷினைத் தொடவில்லை, நேராகப் பைப் லைனுக்குத்தான் போனார். காலையில் முதல் வண்டிக்குப் போடும்போது பெட்ரோல் வரத் தாமதமாகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றோம். பெட்ரோல் திரும்பி இறங்காமல் தடுக்கும் செக் வால்வு சரியாக மூடாததால் இரவெல்லாம் லைனில் நின்ற பெட்ரோல் டேங்க்குக்கே இறங்கிக்கொண்டிருந்தது. வால்வை மாற்றி, ஒரு ஜாயின்ட்டை இறுக்கி, ஸ்ட்ரெய்னரில் (வடிகட்டியில்) சேர்ந்திருந்த துருவையும் தூசியையும் கழுவி, தொய்ந்த பெல்ட்டை மாற்றினார். பாதித் தொல்லை அன்றே தீர்ந்தது. ஒன்று கவனிக்க வேண்டும்: மீட்டர் பக்கம் முத்திரை இருக்கும். நம் ஆட்கள் அதில் கை வைக்கவே கூடாது. முத்திரை அறுந்தால் மறுபடி சரிபார்த்து முத்திரையிடும் வரை அந்த நாசிலில் விற்க முடியாது.

மீதிப் பாதியைத் தீர்த்தது டேங்க் மட்டம். சரக்கு அடியில் இறங்க இறங்கப் பம்பு இழுக்க வேண்டிய உயரம் கூடும், ஆவியும் கூடும். கோடை முழுக்கப் பெட்ரோல் டேங்க் பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். லோடுக்கு முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும் என்பதால் அவர் யோசித்தார். மதிய நேரத்தில் திரும்பிப் போகும் வண்டிகளின் கணக்கைக் காட்டியதும் சரி என்றார். அதன் பிறகு பெட்ரோலுக்குப் பதில் ஆவியை இழுத்து மெஷின் திணறுவது அபூர்வமாகிவிட்டது.

லோடு இறக்குவதிலும் வெயில் கணக்கை மாற்றும். நாளெல்லாம் காய்ந்த டேங்கரிலிருந்து இறங்கும் 12,000 லிட்டர், தரைக்கடியில் 10 டிகிரி குளிர்ந்தால் நூறு லிட்டருக்கு மேல் சுருங்கிவிடும். யாரும் திருடவில்லை, பெட்ரோலின் குணம் அது. டென்சிட்டியும், அதாவது ஒரு கன மீட்டர் பெட்ரோல் எத்தனை கிலோ என்ற அடர்த்திக் கணக்கும், சூட்டுக்கு மாறும். 40 டிகிரியில் அதை அளக்கும் ஹைட்ரோமீட்டர் காட்டும் எண், 15 டிகிரிக்கு மாற்றிய எண்ணைவிடச் சுமார் 20 குறைவாக இருக்கும். அட்டவணைப்படி மாற்றிய பிறகுதான் லோடோடு வரும் சலானில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 3-க்குள் இருக்க வேண்டும். சாம்பிள் பிடித்த ஜாரை நிழலில் வைத்து மளமளவென்று பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் லேசான பகுதி ஆவியாகி டென்சிட்டி ஏறிவிடும்.

மேற்குப் பார்த்த மெஷினில் மாலை வெயில் நேராக டிஸ்பிளேயில் அடித்து எண்கள் மங்கின. மூன்று மணி முதல் ஆறு மணி வரை வண்டிகளைக் கிழக்குப் பக்க மெஷினுக்குத் திருப்பினோம், அவ்வளவுதான். நின்று போடும் பையன்களுக்கும் அது நிழலாகப் போயிற்று. மெஷினைவிட அவர்கள் உடம்பு முக்கியம் என்பதால் மதிய ஷிப்டைச் சின்னதாக்கினோம், மோருக்கும் ஏற்பாடு செய்தோம். யூபிஎஸ் பேட்டரியில் தண்ணீர் வேகமாக வற்றும், அதையும் வாரா வாரம் பார்க்க வேண்டியிருந்தது.

“ஃபுல் டேங்க் அடித்தால் வெயிலில் வண்டி வெடிக்கும்” என்ற வாட்ஸ்அப் செய்தி கோடைதோறும் சுற்றுகிறது. இந்தியன் ஆயிலே மறுத்த வதந்தி இது. பெட்ரோல் தானாகத் தீப்பிடிக்க 200 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். அஞ்ச வேண்டியது பொறிக்குத்தான். அதனால்தான், பொறி கிளப்பும் நிலை மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கும் எர்த் கிளிப்பை மாட்டாமல் டேங்கர் வால்வைத் திறக்க விடுவதில்லை.

கடைசியில் கோடை மழை வந்தது. எல்லோரும் அப்பாடா என்றபோது எங்களுக்கு அடுத்த வேலை. எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும், அது வண்டிக்குள் போனால் வண்டி நின்றுவிடும். மழை விட்டதும் டேங்க் மூடிகள் இருக்கும் மேன்ஹோல் குழிகளில் தேங்கியதை இறைத்துத் துடைத்தோம். மறுநாள் விற்பனை தொடங்கும் முன், எத்தனால் பெட்ரோலுக்கென்றே வரும், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் வாட்டர் பேஸ்ட்டை டிப் ராடில் (டேங்க் மட்டம் பார்க்கும் கம்பியில்) தடவி இறக்கிப் பார்த்தோம். நிறம் மாறவில்லை. ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு விற்பனையைத் தொடங்கினோம்.