குயின்ஸ் இரவுச் சந்தையில் ஒரு சனிக்கிழமை

நியூயார்க்கில் வெளியே சாப்பிட்டால் பில்லைப் பார்க்கத் தனி தைரியம் வேண்டும். வரி, டிப்ஸ் எல்லாம் சேர்ந்து வருவதை மனசு தானாக ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிடும். அதற்கப்புறம் தின்றது செரிக்காது. அந்த ஊரில் ஒரு பண்டம் 5 டாலர், மிஞ்சிப் போனால் 6 டாலர் என்று குயின்ஸ் பகுதியில் ஒரு இரவுச் சந்தை நடக்கிறது என்றான் அங்கேயே ஜாக்சன் ஹைட்ஸில் இருக்கும் சித்தப்பா மகன். "அண்ணே, மத்தியானம் எதையும் சாப்பிட்டுத் தொலைக்காம வாங்க" என்று எச்சரிக்கை வேறு.

7ஆம் நம்பர் ரயிலில் ஏறி 111ஆவது தெரு நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். 1964-இல் உலகக் கண்காட்சி நடந்த ஃப்ளஷிங் மெடோஸ் பூங்கா. அங்குள்ள அறிவியல் கூடத்துக்குப் பின்னால்தான் சந்தை. பழைய ராக்கெட்டுகள் இரண்டு அண்ணாந்து நிற்கும் இடத்திலேயே மூக்குக்குக் கரிப்புகை வந்துவிடும்.

ஜான் வாங் என்ற முன்னாள் வக்கீல் 2015-இல் தொடங்கியது இது. சின்ன வயதில் கோடை விடுமுறைக்குத் தைவான் போனபோது பார்த்த இரவுச் சந்தைகள் அவரை விடவில்லையாம். விலைக்கு உச்சவரம்பு வைத்தது அவர் செய்த பெரிய வேலை என்பேன். 15 டாலர் என்றால் பேர் தெரியாத பண்டத்தை யார் வாங்குவார்? தெரிந்த பீட்சாவையே வாங்கிக்கொண்டு போய்விடுவோம். ஐந்து டாலருக்கு, பிடிக்காவிட்டால் போகட்டும் என்று கை நீள்கிறது. பெரு நாட்டுச் செவிச்சே, டிரினிடாட்டின் சுறா வறுவல் பன், ருமேனியர்கள் உருளையில் சுற்றிச் சுடும் கேக் என்று எங்கள் கையும் அப்படித்தான் நீண்டது. செவிச்சே எனக்கு ஒத்துவரவில்லை. எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீனை வெந்த மீன் என்று நாக்கு ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டது.

பர்மாக் கடையில் மாவை வீசுவதைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. பலாட்டா என்கிறார்கள், நம் வீச்சுப் பரோட்டாவேதான், உள்ளே கொத்துக்கறி. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ நூடுல்ஸ் விற்பது நமக்குத் தெரியும். இங்கேயிருந்து போன பரோட்டா குயின்ஸ் வரை வந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது ஒரு தாய்லாந்துப் பணியாரக் கடையில். கனோம் க்ரோக் என்று பேர். நம் வீட்டுப் பணியாரக் கல் போலவே குழிக்கல். அரிசி மாவை ஊற்றி, ஓரம் முறுகியதும் நடுவில் கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு, மேலே வெங்காயத்தாள் தூவி மூடுகிறார் அந்த அம்மா. நம்மைப் போல் திருப்பிப் போடுவதில்லை. வெந்ததும் கரண்டியால் நெம்பி, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து உருண்டையாக்கித் தருகிறார். வெளியே மொறுமொறு, உள்ளே கொதிக்கும் பால், உப்பும் இனிப்பும் சேர்ந்து. மேலண்ணம் வெந்தது, பரவாயில்லை.

வாரநாளில் அவருக்கு ஆபீஸ் வேலை. இந்த மாதிரிப் பண்டத்தை வீட்டில் சமைத்து விற்க அந்த ஊரில் அனுமதி இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை இரவு வாடகைச் சமையற்கூடத்தில் மாவு தயாராகிறது. இந்த விலைக்கு விற்றால் என்ன நிற்கும் என்று கேட்டேன். "இரண்டே ஐட்டம், ஓயாத வரிசை. வரிசை நின்றால் நஷ்டம்" என்றார், குழியிலிருந்து கண்ணை எடுக்காமல். அதனால்தான் எந்தக் கடையிலும் நீண்ட மெனு இல்லை, அளவும் சின்னது. தின்கிறவனுக்குக் கிடைக்கும் சலுகையில் பாதி விற்கிறவரின் இடுப்பு வலி.

தெருவில் வண்டி போடலாமே என்றால் அது இன்னும் கஷ்டம். ஊர் முழுக்கச் சுமார் 3,000 உணவு வண்டிகளுக்குத்தான் பெர்மிட் என்று நகராட்சி 1980-களில் கட்டிவைத்தது. நகராட்சி 200 டாலருக்குத் தந்த பெர்மிட் கறுப்புச் சந்தையில் இரண்டு வருஷத்துக்கு 20,000 டாலருக்கு மேல் வாடகைக்குப் போனது. 2021-இல்தான் ஆண்டுக்கு 445 உரிமம் கூடுதலாகத் தரச் சட்டம் வந்தது. வாஷிங்டன் ஸ்கொயரில் தள்ளுவண்டியில் தோசை சுட்டுப் பேர் வாங்கிய யாழ்ப்பாணத்துத் திருக்குமார் 2007-இல் தெருவுணவுக்கான வெண்டி விருது வாங்கியவர். அவர் வண்டியை நினைக்கும்போது இந்தக் கணக்கும் நினைவுக்கு வரும். சந்தைக்காரர்களுக்கு அந்தப் பெர்மிட் வேண்டாம், தற்காலிக அனுமதி போதும். ஒரு பண்டம் ஓடுமா ஓடாதா என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி அந்த ஊரில் இருப்பதாகத் தெரியவில்லை.

போகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். இருட்டியபின் வரிசை கழுத்தை நெரிக்கும். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேராகப் போய் ஆளுக்கொரு வரிசையில் நின்றால்தான் லாபம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சனிக்கிழமைகளில் நடக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் அதே பூங்காவில் யு.எஸ். ஓபன் டென்னிஸ் நடக்கும், அப்போது சந்தைக்கு லீவு. தேதி பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.