ஹட்டனில் வீடு தேடிய ஒன்றரை ஆண்டு

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பணிய லயத்தில், அதாவது கீழ்ப்பக்கத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில். ஒரு காம்பராவும் (அறை) முன்னால் ஓர் இஸ்தோப்பும் (திண்ணை) கொண்ட அந்த இருப்பிடத்தில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வாழ்ந்தது. ஆனால் அது எங்களுடையது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் எங்களிடம் இருந்ததில்லை. ஆகையால், ஆசிரியச் சம்பளத்தையும் கணவரின் சம்பளத்தையும் நம்பி, வங்கிக் கடனில் ஒரு வீடு வாங்க 2024இன் பிற்பகுதியில் நாங்கள் துணிந்தபோது, "உறுதி, அதாவது காணி உரிமைப் பத்திரம், சுத்தமாக இருக்கிறதா?" என்பதே என் முதற் கேள்வியாகவும் நெடுநாள் வரை ஒரே கேள்வியாகவும் இருந்தது.

அந்தக் கேள்வி தவறன்று. கொட்டகலையில் பார்த்த முதல் வீடு மட்டமான காணியில், பத்துப் பேர்ச்சஸில், எங்கள் கைக்கு எட்டும் விலையில் இருந்தது. ஆனால் உரிமையாளரிடம் இருந்தது தனியார் உறுதியன்று. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய அளிப்புப் பத்திரம். அத்தகைய காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. வங்கியும் அதைப் பிணையாக ஏற்கத் தயங்கியது. மலிவு ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது. சம்மதம் கிடைக்கும்வரை காத்திருக்கலாம் என்றார் கணவர். காகிதமில்லாத வாழ்க்கையின் நிச்சயமின்மையை அறிந்தவள் என்பதால் நான் மறுத்துவிட்டேன்.

இரண்டாவது வீட்டில் என் மனம் முழுவதுமாகப் போய்விட்டது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி மலைச்சரிவில் நின்ற அந்த வீட்டின் உறுதியை உறுதி எழுதித் தரும் எங்கள் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். நில அளவைப் படமும் தெரு எல்லைச் சான்றிதழும் சரியாக இருந்தன. குசினிக்குப் பின்னால் மண்மேட்டை ஏறக்குறைய நெட்டுக்குத்தாக வெட்டியிருந்ததையும், வேலிக் கம்பங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்ததையும், மழையில்லாத நாளிலும் மேட்டின் அடியில் நீர் கசிந்ததையும் நான் கண்டேன்; கண்டும் அவற்றுக்குரிய எடையைக் கொடுக்கவில்லை. அம்மாதான், "இந்த மண்ணு நிக்காது புள்ள" என்றார். கொழுந்து பறித்தே முப்பது ஆண்டுகள் சரிவுகளில் ஏறி இறங்கியவரின் சொல்லை விட ஒரு முத்திரை பதித்த காகிதத்தை நான் அதிகம் நம்பினேன் என்பதை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

முற்பணம் கொடுப்பதற்கு முன் 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தது. அந்த மேடு உடைந்து குசினிச் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கியது. வீட்டார் முந்தைய நாளே வெளியேறியிருந்ததால் உயிர் தப்பினார்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மண்சரிவில் லயங்கள் புதையுண்டதைச் செய்தியில் பார்த்து அழுத நான், அதே மலையகத்தில் வீடு தேடும்போது மண்ணைக் கேள்வி கேட்க மறந்திருந்தேன். உறுதியைப் பார்த்த கண் உறுதியான நிலத்தைப் பார்க்கவில்லை.

அதன்பின் எங்கள் வரிசை தலைகீழானது. முதலில் சரிவு, பிறகு உறுதி, பிறகு தண்ணீர், கடைசியில்தான் விலையும் அழகும். வீடு பார்க்கப் போகும் நாளையே மாற்றினோம். வெயிலில் பார்த்த வீட்டை அடைமழையில் மீண்டும் போய்ப் பார்த்தோம். வெடித்த தரை, வயிறு தள்ளிய தடுப்புச் சுவர், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைத் தேடினோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீடு இல்லாத இடத்தில் பேச்சைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்தோம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே விழிப்பாக இருக்க வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்ற அளவுகளும் இந்தத் தேடலில்தான் மனத்தில் பதிந்தன.

பண்டாரவளைக்குப் போய்விடலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. தென்மேல் பருவத்தில் ஹட்டன் மாதக்கணக்காக நனையும்போது பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். அம்மாவின் முழங்கால் வலிக்கு அது நல்லது. ஆனால் என் பாடசாலையும் அம்மாவின் உறவுகளும் இங்கேதான். இடமாற்றம் கிடைக்கும்வரை குடும்பம் இரண்டாகப் பிரிந்து வாழ்வது எங்களால் ஏற்க முடியாத விலை.

கடைசியாக வாங்கியது ஹட்டன் நகரையொட்டி, சற்று மட்டமான நிலத்தில், எட்டுப் பேர்ச்சஸில் நிற்கும் பழைய இரண்டு அறை வீடு. வாகனம் வாசல்வரை வராது. சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வருவதால் தொட்டி வைக்க வேண்டியிருந்தது. மலை ஊற்று நீர் கொட்டும் வற்றாத பீலிக்கரையில் வளர்ந்த அம்மாவுக்கு அது இன்னும் பழகவில்லை. முத்திரைத் தீர்வையாக முதல் இலட்சத்துக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் கட்டியதில், கூரை திருத்த வைத்திருந்த பணத்தில் பாதி போய்விட்டது. விலை பேசும்போதே அதைக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

உறுதி எழுதிய அன்று அம்மா அதை வாசிக்கச் சொன்னார். எல்லைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன்: வடக்கே பாதை, கிழக்கே அடுத்த காணி. அவர் குறுக்கிட்டு, மேற்கே மேடு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். வைகாசி மழை பிடிப்பதற்குள் கூரைத் தகரத்தை மாற்றியாக வேண்டும்.