ஒரு நாளைக்கு எத்தனை பீப்பாய்?

ஆழ்கடலில் ஒரு கிணறு கையை மீறிப் போனால், அதை அடக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எண்ணெய் எவ்வளவு வருகிறது என்றுதான். கிணற்றை அமுக்கும் கனமான சேற்றை எந்த வேகத்தில் இறக்குவது, எப்படிப்பட்ட மூடி செய்வது, மேலே நிற்கும் கப்பலால் எவ்வளவு பிடிக்க முடியும் என்ற கணக்கெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும். பிறகு நீதிமன்றம் அபராதம் போடுவதும் அதே எண்ணை வைத்துத்தான். அடைக்க வேண்டியவரும் பணம் கட்ட வேண்டியவரும் ஒருவரே என்றால், அந்த எண் எளிதில் வெளியே வராது. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில், லூசியானா கரையிலிருந்து சுமார் 66 கி.மீ. தள்ளி இருந்த, பிபி எண்ணெய் நிறுவனத்தின் மக்கோண்டோ கிணற்றில் இதைத் தெளிவாகவே பார்த்தோம்.

ஏப்ரல் 20 இரவு கிணறு பொங்கியது. அடியில் போட்ட சிமென்ட் பிடிக்கவில்லை. அதைச் சோதிக்கத்தான் நெகட்டிவ் பிரஷர் டெஸ்ட் (உள்ளே அழுத்தத்தைக் குறைத்து, ஏதாவது கசிந்து வருகிறதா என்று பார்ப்பது) இருக்கிறது. அதில் டிரில் பைப்பில் (துளையிடும் குழாயில்) சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு அழுத்தம் நின்றது. கிணற்றுக்குள் சேறு செலுத்தும் பக்கக் குழாயான கில் லைனில் பூஜ்ஜியம். இரண்டும் ஒரே கிணற்றோடு இணைந்தவை, வேறுபடக் காரணமே இல்லை. பூஜ்ஜியத்தை நம்பி வேலையைத் தொடர்ந்தார்கள். 11 பேர் இறந்தார்கள். கடல் தரையில் கிணற்று வாயில் இருந்த பி.ஓ.பி. என்ற அவசர அடைப்புக் கருவியின் வெட்டு ராம் (குழாயை வெட்டி மூடும் எஃகுக் கட்டை), குழாய் நடுவில் நேராக நின்றால்தான் முழுதாக வெட்டும். குழாய் வளைந்து ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. இரண்டு நாளில் கிணறு தோண்டிய டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கும் மூழ்கியது. ரிக்கையும் கிணற்றையும் இணைத்த குழாயான ரைசர் மடங்கி விழுந்து 1,500 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் கக்கத் தொடங்கியது.

முதல் பெரிய முயற்சி, மே 7-8-ல் இறக்கிய சுமார் 100 டன் எஃகுக் கூண்டு. கசிவின் மேல் கவிழ்த்து, உச்சியில் குழாய் வைத்து மேலே இழுப்பது திட்டம். ஆழம் குறைந்த கடலில் இது நடந்திருக்கும். அந்த ஆழத்தில் தண்ணீர் 4 டிகிரிக் குளிர். அழுத்தம் சுமார் 150 வளிமண்டலம். மீத்தேன் வாயு நீரோடு சேர்ந்த கணமே பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட் ஆகிவிடும். அது வாயை அடைத்ததோடு நிற்கவில்லை. நீரைவிட இலேசானது என்பதால் கூண்டையே மேலே தூக்கப் பார்த்தது. ஜூன் 3-ல் வைத்த சிறிய மூடி ஓரளவு வேலை செய்ததற்குக் காரணம், உள்ளே மெத்தனாலைச் செலுத்தியதும், கடல்நீர் புகாதபடி ஓரத் துவாரங்களில் எண்ணெயை வழிய விட்டதும்தான். கொஞ்சம் எண்ணெய் வீணாகிறதே என்று எல்லாத் துவாரத்தையும் மூடியிருந்தால் மறுபடி ஹைட்ரேட்தான்.

இடையில், மே 26 முதல் 28 வரை நடந்த டாப் கில் என்ற முயற்சியைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும். நீரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு எடையுள்ள சேற்றை சோக் லைன், கில் லைன் என்ற பக்கக் குழாய்கள் வழியாக பி.ஓ.பி.க்குள் அடிப்பார்கள். எண்ணெய் மெதுவாக ஏறினால் சேறு தன் எடையால் கீழே இறங்கி, கிணற்றை நிரப்பி அமுக்கும். வேகமாக ஏறினால் சேறு அதோடு சேர்ந்து மேலேயே போய்விடும். நிமிடத்துக்கு 80 பீப்பாய் வரை, மொத்தம் 30,000 பீப்பாய்க்கு மேல் அடித்தார்கள். ரப்பர் துண்டு, கோல்ஃப் பந்து எல்லாம் போட்டு வழியை அடைக்கப் பார்த்தார்கள். கிணறு அசையவில்லை.

ஓட்டம் நாளைக்கு 15,000 பீப்பாயைத் தாண்டினால் இந்த முறை எடுபடாது என்பது பிபி பொறியாளர்களுக்கு உள்ளுக்குள் தெரியும். வெளியே சொன்ன எண் 5,000. பின்னால் அறிவியலாளர்கள் கணக்கிட்டபோது, தொடக்கத்தில் நாளைக்கு சுமார் 62,000 பீப்பாய் என்று வந்தது. 5,000 என்று நம்பியவர்களுக்கு டாப் கில் ஏன் தோற்றது என்பது புரியாத புதிர். அதனால் வேறு காரணம் தேடினார்கள்: 16 அங்குல கேசிங்கில் (கிணற்றின் சுவரான எஃகுக் குழாயில்) உள்ள அழுத்தத் தகடுகள் உடைந்து சேறு பக்கவாட்டில் போயிருக்கலாம் என்று. அப்படியென்றால் கிணற்றை மேலே மூடினால் எண்ணெய் பாறையைப் பிளந்து கடல் தரையில் எங்கு வேண்டுமானாலும் கிளம்பும். இந்தப் பயத்தால், பழைய பி.ஓ.பி.யின் மேல் இன்னொன்றை வைக்கும் யோசனையைக் கைவிட்டார்கள்.

ஜூலையில்தான் கிணற்றை இறுக்கமாக மூடும் கேப்பிங் ஸ்டாக் என்ற கருவி வந்தது. சுமார் 70 டன், மூன்று ராம். பழைய ஃபிளாஞ்சின் (குழாய் இணைப்பு வளையத்தின்) ஆறு பெரிய போல்ட்டுகளை, மேலிருந்து இயக்கும் ஆளில்லா ஆர்.ஓ.வி. ஊர்திகளின் இயந்திரக் கைகளே கழற்றின. 12-ம் தேதி பொருத்தி, 15-ம் தேதி ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான சோக்கைச் சிறிது சிறிதாகத் திருகி மூடினார்கள். ஒரேயடியாக மூடுவது இந்த வேலையில் செய்யக் கூடாதது. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 7,500 பவுண்டுக்கு மேல் ஏறினால் கிணறு முழுதாக இருக்கிறது, 6,000-க்குக் கீழ் நின்றால் எங்கோ ஒழுகுகிறது என்று வரம்பு வைத்திருந்தார்கள். வந்தது 6,600-க்குச் சற்று மேல், இரண்டுங்கெட்டான் எண். திறந்துவிடலாமா என்ற பேச்சு நடந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலத்தடி நீர் வல்லுநர் ஒருவர், கைப்பேசியில் எடுத்து அனுப்பப்பட்ட வரைபடத்தை வைத்து இரவோடு இரவாக மாதிரி போட்டார். இவ்வளவு நாள் ஓடியதில் அடியில் உள்ள எண்ணெய்த் தேக்கத்தின் அழுத்தமே குறைந்துவிட்டது, ஒழுகல் இல்லை என்று அது காட்டியது. மூடி மூடியபடியே இருந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் மேலிருந்து சேறும் சிமென்டும் இறங்கின. பழைய கிணற்றை அடியில் சந்தித்து அடைப்பதற்காக மே 2-ல் தோண்டத் தொடங்கிய ரிலீஃப் கிணறு செப்டம்பர் நடுவில் அடியில் போய்த் தொட்டது. 19-ம் தேதி கிணறு செத்தது என்று அறிவித்தார்கள்.

இனி பணம். 1989 எக்ஸான் வால்டிஸ் எண்ணெய்க் கப்பல் விபத்துக்குப் பிறகு வந்த 1990 எண்ணெய் மாசுச் சட்டப்படி, துப்புரவுச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. இழப்பீட்டுக்கு மட்டும் அப்போது 7.5 கோடி டாலர் வரம்பு. கடும் அலட்சியமோ விதிமீறலோ இருந்தால் அந்த வரம்பும் போய்விடும். பிபி அதைத் தானாகவே விட்டுக்கொடுத்தது. இந்தச் சட்டத்தின் பெரிய வசதி, வலையோ படகோ கெடாத மீனவருக்கும், அறைகள் காலியாகக் கிடந்த விடுதிக்காரருக்கும் வருமான இழப்பைக் கேட்க உரிமை தந்தது. பழைய கடல்சட்டத்தில் சொந்தச் சொத்து சேதமாகாதவருக்கு ஒன்றும் கிடைக்காது. முதலில் பொறுப்பாளியிடம் கேட்க வேண்டும். 90 நாளில் தீராவிட்டால் நீதிமன்றமோ அரசு நிதியமோ. உரிமை இருந்தும் பலர் இடறியது காகிதத்தில்: ரொக்கத்துக்கு இறால் விற்றவரிடம் விற்பனைச் சீட்டும் இல்லை, வரிக் கணக்கும் இல்லை.

அபராதம் தனி. தூய நீர்ச் சட்டப்படி அப்போது பீப்பாய்க்கு 1,100 டாலர், கடும் அலட்சியம் என்றால் 4,300 வரை. இங்கேதான் அந்த எண் திரும்பி வந்தது. கடலில் கலந்தது 41.9 லட்சம் பீப்பாய் என்றது அரசு, 24.5 லட்சம் என்றது பிபி. நீதிபதி கார்ல் பார்பியர் 2015-ல் 31.9 லட்சம் என்று முடித்தார். முந்தைய ஆண்டே பொறுப்பை பிபி 67, ரிக்கின் சொந்தக்காரரான டிரான்ஸ்ஓஷன் 30, சிமென்ட் போட்ட ஹாலிபர்ட்டன் 3 விழுக்காடு என்று பிரித்து, பிபியின் அலட்சியம் கடுமையானது என்றிருந்தார். அந்தக் கணக்கில் அபராதம் 1,370 கோடி டாலர் வரை போயிருக்கலாம். சமரசத்தில் 550 கோடியில் நின்றது. 2,080 கோடி டாலர் மொத்த உடன்பாட்டில் அந்த 550 கோடி தவிர்த்த பெரும்பகுதிக்கு வரிக்கழிவும் கிடைத்தது. 

ஓட்ட அளவைக் குறைத்துச் சொல்லி நாடாளுமன்ற விசாரணையைத் தடுத்ததாக ஒரு குற்றத்தையும் பிபி 2012-ல் ஒப்புக்கொண்டது. ஆனால் கிணற்றை அடைக்க எடுத்த முடிவுகளில் கடும் அலட்சியம் இல்லை என்று அதே நீதிபதி சொன்னார். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். டாப் கில் மேசையில் 62,000 என்ற எண் இருந்திருந்தால் மே மாதத்தில் வேறு கருவிக்கு ஆர்டர் போயிருக்கும் என்பதே இந்த வேலை தெரிந்த பலரின் எண்ணம்.

இவ்வளவும் அமெரிக்கச் சட்டம் இருந்ததால் நடந்தது. டாங்கர் கப்பல் கசிந்தால் உலகளாவிய இழப்பீட்டு ஒப்பந்தங்கள் உண்டு. கடலடிக் கிணறு கசிந்தால் அப்படி ஒன்று இல்லை. 2009-ல் ஆஸ்திரேலியாவின் மொன்டாரா கிணறு பத்து வாரத்துக்கு மேல் கசிந்தது. ரிலீஃப் கிணறு ஐந்தாவது முயற்சியில்தான் இலக்கைத் தொட்டது. எண்ணெய் எல்லை தாண்டிப் போய் இந்தோனேசியாவில் கடற்பாசி வளர்த்தவர்களின் பயிரை அழித்தது. அவர்கள் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது 2016-ல். 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது 2022-ன் கடைசியில்.