புதுச்சேரிக்கு எத்தனை சுதந்திர நாள்?

ஆகஸ்ட் 15 முடிந்த மறுநாளே எங்களுக்கு இன்னொரு விடுமுறை, நவம்பர் 1 அன்று மறுபடியும் ஒன்று. "உங்க ஊர்ல மட்டும் ஏன்பா இத்தனை?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான்.

1947இல் டெல்லியில் கொடி ஏறியபோது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அதுவும் ஒரே நிலப்பரப்பாக இல்லை, துண்டு துண்டாக. ஒரு பிரெஞ்சுக் கிராமத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுவில் இந்திய மண்ணைத் தாண்ட வேண்டும், வழியில் சுங்கச் சோதனை வேறு. அப்படி ஓர் ஊர்தான் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். பிரதிநிதிகள் மட்டும்தான், கவனியுங்கள். வங்காளத்தில் இருந்த இன்னொரு பிரெஞ்சு ஊரான சந்திரநாகூரில் 1949இல் பொதுமக்களே ஓட்டுப் போட்டார்கள், இங்கே அந்த வாய்ப்பு வரவில்லை, எனக்கு அதில் இன்றும் குறைதான்.

நவம்பர் 1 நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி? 1956இல் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகியும் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தராமல் இழுத்தடித்தது, பிரான்சிடமிருந்து விடுதலை கேட்டு அல்ஜீரியா நடத்திய போர் முடியட்டும் என்று. 1962இல் அது முடிந்த பிறகுதான் ஆகஸ்ட் 16 அன்று பத்திரங்கள் பரிமாறப்பட்டன. ஆக, ஏறத்தாழ எட்டு வருடம் ஆட்சி இந்தியாவுடையது, உரிமை காகிதத்தில் பிரான்சுடையது.

இதில் எது அசல் நாள் என்று என்னைக் கேட்டால் நவம்பர் 1 என்பேன், ஆகஸ்ட் 16 வக்கீல்களுக்கான நாள். ஆனால் 1936 ஜூலை 30 அன்று, சங்கம் கேட்டும் எட்டு மணி நேர வேலை கேட்டும் போராடி, இங்கே பஞ்சாலை வாசலில் துப்பாக்கிச் சூட்டில் செத்த 12 தொழிலாளிகளை விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போடவும் மனசு வரவில்லை. அவர்கள் கேட்டதும் விடுதலைதானே.

அரசியல்வாதிகள் கதை தனி. கடற்கரைச் சாலைக்குப் பெயர் கொடுத்திருக்கும் எதுவார் குபேர் 1954 வரைக்கும் பிரெஞ்சுப் பக்கம் நின்றவர், அப்புறம் இந்தப் பக்கம் தாவி பின்னாளில் முதலமைச்சரும் ஆனார்!

1962இல் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று முடிவெடுக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்றும் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியிலேயே ஓட்டுப் போடுகிறார்கள். ஆகஸ்ட் 15 லீவும் அவர்களுக்கு உண்டு.