சாமான் அறைக்குள் வரும் மழை

ஜூன் 5

விடியற்காலையில் சுமத்ரா சூறைக்காற்று அடித்து ஓய்ந்தது. வேலைக்குப் போகும் வழியில், சிங்கப்பூரின் சுங்கை காடுட் பட்டறையில் நிற்கும் மாமாவின் பழைய சுற்றுலா பஸ்ஸை எட்டிப் பார்த்தேன். இடப்பக்கச் சாமான் அறைகள் எல்லாவற்றிலும் தண்ணீர். நேராக விழும் மழையில் அவை காய்ந்தே இருக்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும் இந்தக் காற்று மழையைப் பக்கவாட்டில் அறைகிறது. கதவிடுக்கில் தண்ணீரைத் திணிக்கிறது.

தேங்கியதைத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். இந்த ஊரில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் துருவைப் பற்றி நினைப்பதற்கு முன் கொசுவைப் பற்றி நினைக்க வேண்டும்.

ஜூன் 7

மாமா சிலிக்கான் குழலோடு தயாராக இருந்தார். "சுற்றி அடைத்துவிடலாம் மாப்பிள்ளை, அரை நாள் வேலை" என்றார். முகர்ந்து பார்த்தேன், வினிகர் வாடை. காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை அது. எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். இந்த பஸ்ஸின் மேல்கூடு எஃகுச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு அறைந்தது. சட்டம் போனால் எல்லாம் போயிற்று. அமிலம் விடாத நடுநிலை வகைதான் வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். அதைவிட முக்கியம், தண்ணீர் வரும் வழி தெரியாமல் எதையும் அடைக்கக்கூடாது.

டார்ச் விளக்கோடு நான் அறைக்குள் படுத்துக்கொண்டேன். மாமா வெளியே ரப்பர் குழாயைப் பிடித்தார். கீழிருந்து மேலாக, மெதுவாக. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் வழிந்து எல்லா இடமும் நனையும், எந்த இடத்தில் நுழைந்தது என்று சொல்லவே முடியாது. கீழ் விளிம்பில் ஒன்றுமில்லை. பக்கங்களில் லேசான கசிவு. மேலே கதவின் நீளத்துக்கும் ஓடும் கீலுக்குக் குழாய் வந்ததும் முழங்கையில் சொட்டத் தொடங்கியது.

நடு அறையின் கதை வேறு. அங்கே கதவு முழுவதும் நனைந்தும் ஒரு சொட்டு இல்லை. குழாய் ஜன்னலுக்கு ஏறிய பிறகுதான் உள்தூண் வழியாகத் தண்ணீர் இறங்கி வந்தது. ஜன்னல் ரப்பர் வெடித்திருக்கிறது. அந்தக் கதவில் எத்தனை குழல் சிலிக்கான் பூசியிருந்தாலும் வீண்தான்.

ஜூன் 8

சட்டத்தின் விளிம்பில் சுண்ணக்கட்டி தேய்த்துக் கதவை மூடித் திறந்தோம். பழைய ரப்பரில் வெள்ளை படியாத இடமெல்லாம் இடைவெளி. பிறகு ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து இழுத்துப் பார்த்தோம். தாழ்ப்பாள் பக்கம் இறுகிப் பிடித்தது, மேல் மூலைகளில் வழுக்கிக்கொண்டு வந்தது.

ஜூன் 14

ஜாலான் புசார் கடையில் மாமா இருப்பதிலேயே தடித்த ரப்பரைக் கேட்டார். நான் விடவில்லை. தடித்த ரப்பர் மெல்லிய அலுமினியக் கதவை நடுவில் புடைக்க வைக்கும், மூலைகள் இன்னும் திறந்துகொள்ளும். மூடும்போது மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். உள்ளே காற்றறை உள்ள இபிடிஎம் ரப்பர் வாங்கினோம். வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். ஆனால் டீசல் பட்டால் ஊதிவிடும். அதனால் எரிபொருள் மூடிக்கு அருகிலுள்ள கதவுக்கு மட்டும் டீசலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர்.

கதவுகளையே புதிதாகச் செய்துவிடலாம் என்று கடைக்காரர் யோசனை சொன்னார். மாமாவின் முகம் மாறிவிட்டது. இதே வண்டியில் மலாக்காவுக்குச் சுற்றுப்பயணிகளை ஏற்றிச் சென்றவர் அவர். கையால் தட்டி வளைத்த அந்தக் கதவுகளை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜூன் 15

நாள் முழுக்க ஒட்டும் வேலை. பழைய பசையைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, துருப்பிடித்த இடங்களுக்குப் பிரைமர் அடித்தோம். ரப்பரை இழுத்து ஒட்டக்கூடாது. சில வாரங்களில் சுருங்கி இணைப்பில் வாய் பிளக்கும். சற்று நீளமாக வெட்டி, அமுக்கிச் சேர்க்க வேண்டும். இணைப்பைக் கதவின் கீழ்ப்பக்கம் வைத்தோம்.

கீலுக்கு ரப்பர் பட்டை மட்டும் போதாது. அதற்கு மேலே இறவாரம் போல ஒரு அலுமினிய மடிப்பைத் தறைந்தோம். அதன் அடியிலிருந்து ஒரு ரப்பர் தகடு கீலை மூடித் தொங்குகிறது. அறைத் தளத்தின் வடிதுளைகள் பழைய பெயின்ட்டில் மூடிக்கிடந்தன. கம்பி விட்டுத் திறந்தேன்.

ஜூன் 21

மறுபடியும் குழாய். கீல் காய்ந்திருக்கிறது. காகிதம் எல்லாப் பக்கமும் இறுகிப் பிடிக்கிறது. நடு அறையில் மட்டும் தூண் வழியாக இன்னும் சொட்டுகிறது, ஜன்னல் ரப்பர் வரும்வரை அப்படித்தான்.

மிஞ்சியது பேட்டரி அறை. அதையும் இதேபோல இறுக்கிவிடலாம் என்று மாமா ரப்பரை எடுத்துவிட்டார். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அது அடைபட்டால் ஒரு பொறி போதும் வெடிக்க. கதவைச் சுற்றி ரப்பர் இருக்கட்டும், ஆனால் மேற்பகுதியில் கீழ்நோக்கிய காற்றுத் துளைகளை விட்டுத்தான் மூட வேண்டும் என்று முடிவு செய்தோம். அந்தத் தகட்டை அடுத்த சனிக்கிழமை வெட்டுகிறோம்.