சென்சாரை மாற்றும் முன் சோதியுங்கள்

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் சூட்டை அளந்து காரின் கணினிக்குச் சொல்வது கூலன்ட் சென்சார். எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று காரின் கணினி தவறாக நம்பிவிட்டால், சூடான எஞ்சினுக்கும் பெட்ரோலை அள்ளி ஊற்றும். மைலேஜ் சரியும், புகை கறுக்கும், சென்சார் பழுதைக் கணினி கண்டுகொண்டால் பல கார்களில் பாதுகாப்புக்காக ரேடியேட்டர் மின்விசிறி ஓயாமல் சுற்றும். உடனே "கூலன்ட் சென்சார் போய்விட்டது" என்று புதியதை மாட்டிப் பணம் வாங்கும் பழக்கம் எனக்குக் கோபமூட்டுகிறது. சென்சாரில் வயரை மாட்டும் கனெக்டர் அரிப்பால் பச்சை பூத்திருப்பதே காரணமாக இருக்கலாம். அதை யாரும் கழற்றிக்கூடப் பார்ப்பதில்லை.

இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் திருப்பி, கணினி படிக்கும் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரைப் பாருங்கள். கூலன்ட் வெப்பநிலையும் எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் மைனஸ் 40 டிகிரி என்றால் இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது. இரண்டு வயர் சென்சார் என்றால், கனெக்டரைக் கழற்றி வயரிங் பக்கத்து இரு முனைகளையும் சிறு கம்பியால் இணையுங்கள். அளவு 130 டிகிரியையொட்டியோ அதற்கு மேலோ தாவினால் வயரிங்கும் கணினியும் நலம், பழுது சென்சாரில்தான். தாவவில்லையா? புதுச் சென்சார் வாங்கியும் பயனில்லை.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. சூடு ஏற ஏற இந்தச் சென்சாரின் மின்தடை குறையும்: பல கார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் இருக்கும். உங்கள் காரின் கையேட்டு எண்ணே இறுதியானது.

எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் சூடேற வெகுநேரம் எடுத்தால், கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டதோ என்று சந்தேகியுங்கள்.