நாளை எதைத் திறப்பது என்று இன்றிரவே எழுதி வைத்தேன்

முதல் முறை தேர்வில் தவறியபோது, படிக்காததால்தான் தவறினேன் என்று யாரும் சொல்லவில்லை. பதினொரு மாதம், நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் மேசையில்தான் இருந்தேன். ஐந்து தாள்களில் நான்கில் நல்ல மதிப்பெண். புள்ளியியலில் மட்டும் தேவையானதற்கு ஒன்பது குறைந்தது. எல்லாத் தாளிலும் தேறினால்தான் தேர்ச்சி, அதனால் மொத்தமும் போயிற்று.

முடிவு வந்த மறுவாரம் பழைய டைரியை எடுத்துப் புரட்டினேன். அன்றன்று என்ன படித்தேன் என்று ஒரு வரி எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது. தேர்வுக்கு முந்தைய 60 நாள்களை மட்டும் எண்ணினேன். சட்டம் 27 நாள். புள்ளியியல் 6 நாள். அந்த ஆறிலும் நான்கு நாள் 'குறிப்புகளைத் திருத்தி எழுதினேன்' என்றிருந்தது. கணக்குப் போட்டது இரண்டே நாள்.

சட்டம் எனக்குப் பிடித்த பாடம். காலையில் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் எதை எடுக்கலாம் என்று யோசிப்பேன். கை தானாகச் சட்டப் புத்தகத்துக்குப் போகும். அக்கா ஒருநாள் கேட்டாள்: "உனக்கு வர்றதையே ஏன் திரும்பத் திரும்பப் படிக்கிற?" "அதுவும் சிலபஸ்லதானே இருக்கு" என்றேன். அந்த நாளை மட்டும் எடுத்துக்கொண்டால் என் பதில் சரிதான். அப்படிச் சரியாக இருந்த நாள்கள் 27.

நீண்ட கால இலக்கு என்றாலே புத்தகமா ஃபோனா, படிப்பா தூக்கமா என்றுதான் பேசுகிறோம். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிது, ஏனென்றால் தப்பானதை எடுத்தால் மனசு உறுத்தும். எனக்குக் கஷ்டமாக இருந்தது புத்தகத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவே எடுக்கிற முடிவு. அங்கே உறுத்தலே இல்லை. நாள் முழுக்கப் படித்த நிம்மதியோடு தூங்கப் போய்விடலாம்.

இரண்டாவது முறை முதலில் மாற்றியது, முடிவெடுக்கும் நேரத்தை. காலையில் புள்ளியியல் புத்தகம் கையில் இருக்கும்போது அதன் கசப்பு உடனே தெரிகிறது, பலனோ எத்தனையோ மாதம் தள்ளி நிற்கிறது. பக்கத்தில் இருப்பதற்கு மனசு எப்போதும் கூடுதல் எடை போடும் என்பதை உளவியலாளர் ஜார்ஜ் ஐன்ஸ்லி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். முந்தைய இரவில் அந்தக் கசப்பும் கொஞ்சம் தள்ளித்தானே இருக்கிறது? அதனால் இரவே முடிவு செய்தேன். 'நாளை புள்ளியியல்' என்று எழுதினால் போதவில்லை, காலையில் அதற்குள்ளேயே சுலபமானதைத் தேடினேன். 'காலை 6:30, மேசை, நிகழ்தகவு, பழைய வினாத்தாள் 4ஆம் கணக்கு, விடை பார்க்காமல்' என்று எழுதிய பிறகுதான் வேலை நடந்தது. எப்போது, எங்கே, எதை என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரை காட்டுகிறது. வினாத்தாளை அந்தப் பக்கத்திலேயே திறந்து மேசையில் வைத்துவிட்டுத்தான் படுப்பேன். சட்டப் புத்தகம் வேறு அறைக்குப் போனது.

அந்த 4ஆம் கணக்கை மறக்க முடியாது. ஒரு நோய் 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஒரு பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 100க்கு 90 பேருக்கு அதைச் சரியாகக் காட்டிவிடும், நோய் இல்லாதவர்களில் 100க்கு 5 பேருக்குத் தவறாக 'இருக்கிறது' என்று சொல்லும். 'இருக்கிறது' என்று வந்த ஒருவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க என்ன வாய்ப்பு? முதல் வருடம் இதன் விடையை மூன்று முறை படித்து, "சரி, புரியுது" என்று தாண்டியிருக்கிறேன். இப்போது வெள்ளைத் தாளில் 90 சதவீதம் என்று எழுதினேன். தப்பு. புத்தகத்தைத் திறக்காமல் 2,000 பேரை வைத்துக்கொண்டு யோசித்தேன். நோய் உள்ளவர்கள் 20, அதில் 18 பேருக்கு 'இருக்கிறது' என்று வரும். இல்லாதவர்கள் 1,980, அதில் 99 பேருக்குத் தவறாக வரும். ஆக மொத்தம் 117இல் 18, சுமார் 15 சதவீதம். நாற்பது நிமிடம் ஆனது. அதன்பின், இந்த வகைக் கணக்குக்கான சூத்திரமான பேயஸ் தேற்றத்தை நான் மனப்பாடம் செய்ய வேண்டி வரவில்லை.

உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். இன்று மாலை 'நல்லாப் படிச்சேன்' என்று தோன்றுவதை வைத்து நாளைய வேலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

நேரக் கணக்கிலும் ஏமாந்திருக்கிறேன். ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று பியூலரும் சக ஆய்வாளர்களும் மாணவர்களைக் கேட்டார்கள் (1994). சராசரியாகச் சொன்னது சுமார் 34 நாள், ஆனது 55 நாளுக்கு மேல். நானும் அதே ரகம்தான். அதனால் மனசில் வரும் கணக்கோடு பாதியைக் கூட்டிக்கொண்டேன், வாரத்தில் ஒரு நாளை எதுவும் திட்டமிடாமல் மிச்சம் மீதிக்கு விட்டேன்.

நடுவில் காய்ச்சலில் நான்கு நாள் போனது. முன்பென்றால் புது அட்டவணை போட்டு 'வரும் திங்கள்கிழமையிலிருந்து' என்று எழுதியிருப்பேன், அதற்குள் இன்னும் நான்கு நாள் போயிருக்கும். இம்முறை எழுந்து உட்கார முடிந்த அன்றே ஒரே ஒரு கணக்கு, இருபது நிமிடம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்தபோது, ஒரு பழக்கம் தானாக நடக்கத் தொடங்க நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் பார்த்தார்கள். விட்டதற்காக வருந்துவதைவிட அன்றைக்கே தொடுவது முக்கியம்.

புது மெட்டீரியல் வாங்குவதைக் கடைசி மூன்று மாதம் நிறுத்தினேன். நண்பர்களின் படிப்புக் குழுவுக்கு 'முடியாது' என்று ஒரு முறை சொன்னேன், வருத்தமாகத்தான் இருந்தது. இரவு பதினொன்றுக்கு மேல் விழிப்பதில்லை என்பதும் ஒரு முடிவுதான், அதைத் தினமும் புதிதாக எடுக்கவில்லை.

இரண்டாவது முறை புள்ளியியலில் 21 மதிப்பெண் கூடியது. சட்டத்தில் ஏழு குறைந்தது. குறையும் என்று தெரிந்தேதான் விட்டேன், தேர்ச்சிக்கு அது போதுமானதாக இருந்தது.

நீங்கள் இப்போது தயாரிப்பில் இருந்தால், புது அட்டவணை போடும் முன் போன 30 நாளை எண்ணிப் பாருங்கள். டைரி இல்லையென்றால் புத்தகங்களை வரிசையாக வைத்து ஓரங்களைப் பாருங்கள், எது கசங்கியிருக்கிறது, எது இன்னும் புதிதாக இருக்கிறது என்று. புதிதாக இருப்பதில் ஒரு பக்கத்தைத் திறந்து இன்றிரவே மேசையில் வையுங்கள்.